கெவுர்ட்ஸ்ட்ராமினர்: மூக்குக்கு இனிக்குது, நாக்குக்கு ஏன் கசக்குது?

நீங்க கேட்டது இதுதான்: யாரோ குடுத்த, கெவுர்ட்ஸ்ட்ராமினர்ங்கற திராட்சைல பண்ணின ஒயின் பாட்டிலத் திறந்து முகந்து பாத்தா லிச்சியும் ரோஜாவும் கலந்து சர்பத் மாதிரி வாசனை, சரி நல்லா இனிக்கப்போகுதுன்னு ஒரு வாய் குடிச்சா இனிப்பே இல்ல, கடைசில லேசா கசக்குது, தொண்டைல சூடா இறங்குது. பாட்டில் கெட்டுப்போச்சா, இல்ல எனக்குத்தான் ஒயின் குடிக்கத் தெரியலையா, இந்தத் திராட்சைய எங்கேர்ந்து ஆரம்பிச்சுப் புரிஞ்சுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

பாட்டில் கெடல. உங்க நாக்கும் ஒழுங்காத்தான் இருக்கு. சொல்லப்போனா இந்தத் திராட்சையோட மொத்தக் கதையும் நீங்க சொன்ன அந்த ஒரு குழப்பத்துலதான் இருக்கு, மூக்கு ஒண்ணு சொல்லும் நாக்கு வேற சொல்லும். அது ஏன்னு தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம், எந்த ஊர் ஒயின் வாங்கறது, லேபிள எப்படிப் படிக்கறது, எவ்ளோ சில்லுன்னு குடிக்கறது, எல்லாம் தானா வந்துரும்.

முதல்ல பேரு. இவ்ளோ நீளமான பேரப் பாத்து பயந்தே பாதிப் பேர் வாங்கறதில்ல. கெவுர்ட்ஸ்னா ஜெர்மன்ல மசாலா, வாசனைச் சரக்குன்னு அர்த்தம். ட்ராமினர்னா ட்ராமின் ஊர்க்காரன். ட்ராமின்ங்கறது இத்தாலியோட வட கோடில, ஆல்ப்ஸ் மலையடிவாரத்துல, ஜெர்மன் பேசற தெற்கு டிரோல் பகுதில இருக்கற ஒரு சின்ன ஊர், இத்தாலிய மொழில டெர்மெனோம்பாங்க. ஆக "வாசனையான ட்ராமின்காரன்", அவ்ளோதான். பேர்ல மசாலா இருக்கேன்னு மிளகு கிராம்பு காரம்லாம் எதிர்பாத்தா ஏமாந்துருவீங்க, இங்க அந்த வார்த்தைய 'கமகமன்னு இருக்கு'ங்கற அர்த்தத்துல எடுத்துக்கறதுதான் சரி. சில பாட்டில்ல இஞ்சி, லவங்கப்பட்டை மாதிரி ஒரு நெடி வரும்தான், ஆனா முன்னாடி வந்து நிக்கறது பூவும் பழமும்தான்.

பேர்ல ட்ராமின் இருக்கறதால அங்கதான் பொறந்துச்சான்னா, அது அவ்ளோ நேரா இல்ல. இதோட மூலம் சவான்யாங்கற பழைய வெள்ளைத் திராட்சை. பிரான்ஸ்ல ஜூரா மலைப் பக்கம் அத வெச்சு வான் ஜோன்னு ஒரு மஞ்சள் ஒயின் பண்றாங்களே, பீப்பாய்ல மேல ஈஸ்ட் படலம் கட்டவிட்டு 6 வருஷத்துக்கு மேல போட்டு வைப்பாங்க, அதே திராட்சைதான். ட்ராமினரும் சவான்யாவும் மரபணுப்படி ஒண்ணேதான்னு டிஎன்ஏ டெஸ்ட்ல தெரிஞ்சுபோச்சு. 2019-ல வந்த ஒரு ஆராய்ச்சில ஆர்லியான் நகரத்துல தோண்டி எடுத்த மத்தியகாலத்து திராட்சை விதை ஒண்ணு, சுமாரா 900 வருஷப் பழசு, இன்னிக்கு இருக்கற சவான்யாவோட அச்சு அசலா ஒத்துப்போச்சு. யோசிச்சுப் பாருங்க, விதை போட்டு வளத்தா ஒவ்வொண்ணும் வேற செடியாயிடும், அதனால கொடிய வெட்டி வெட்டி நட்டே ஒரே செடிய இத்தனை நூறு வருஷமா மனுஷன் காப்பாத்திட்டு வந்திருக்கான்.

ஆனா இப்படி வெட்டி வெட்டி நடும்போது எப்பவாவது ஒரு கிளைல சின்னதா ஒரு மாற்றம் வந்துரும். சவான்யால தோல் ரோஸ் கலரா ஆன ஒரு வகை வந்துச்சு, அதுலயும் வாசனை எகிறிப்போன ஒரு வகை வந்துச்சு, அந்தக் கடைசிதான் நம்ம கெவுர்ட்ஸ். டிஎக்ஸ்எஸ்னு ஒரு ஜீன், வாசனைப் பொருள் உண்டாகற பாதையோட ஆரம்பத்துல உக்காந்திருக்கறது, அதுல ஒரே ஒரு எழுத்து மாறினதுதான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. குழாய் வால்வு கொஞ்சம் லூசா ஆன மாதிரி, டெர்பீன்ங்கற வாசனைப் பொருளெல்லாம் கொட்டுது. வாசனை வராத அந்த ரோஸ் கலர் அண்ணன் இன்னும் உயிரோடத்தான் இருக்கான், பிரான்ஸோட அல்சாஸ் பகுதில ஹைலிகென்ஸ்டைன்ங்கற ஊரச் சுத்தி மட்டும் க்ளெவனர்ங்கற பேர்ல அவன வெச்சு ஒயின் பண்றாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் குடிச்சுப் பாக்க வாய்ப்பு கெடச்சா விடாதீங்க, ஒரு எழுத்து மாறினா என்னாகும்னு வாயிலயே தெரியும்.

இதே குடும்பத்துல ஒரு காமெடியும் இருக்கு. ஆஸ்திரேலியால ஸ்பெயினோட அல்பரீன்யோ திராட்சைன்னு நம்பி நட்டு, அந்தப் பேர்லயே வித்துட்டும் இருந்தாங்க, 2009 வாக்குல டெஸ்ட் பண்ணிப் பாத்தா எல்லாம் சவான்யா. நாற்று வந்த எடத்துலயே மாறிப்போயிருந்துருக்கு. லேபிளயெல்லாம் மாத்தினாங்க பாவம்.

சரி வாசனைக்கு வருவோம், இங்கதான் விஷயமே. நீங்க லிச்சின்னு சொன்னது கற்பனையோ ஒயின்காரங்க அளக்கற கதையோ இல்ல. சிஸ் ரோஸ் ஆக்சைடுன்னு ஒரு பொருள், ரோஜா எண்ணெய்ல இருக்கறது, ரொம்ப ரொம்பக் கொஞ்சமா இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சுரும், தண்ணில ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழ போதும். 1997-ல கெவுர்ட்ஸ் ஒயின் வாசனையப் பிரிச்சுப் பாத்த ஜெர்மன் ஆராய்ச்சில இதுதான் முக்கியமான ஆள்னு வந்துச்சு. 1999-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்து லிச்சிப் பழத்தையும் இந்த ஒயினையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டுலயும் வாசனை குடுக்கற பொருள்ல நெறைய ஒண்ணாவே இருக்கு, அதுலயும் சிஸ் ரோஸ் ஆக்சைடு பெரிய பங்கு. ஆக ரோஜா வாசமும் லிச்சி வாசமும் சேந்தே வர்றதுக்குக் காரணம் ரெண்டுக்கும் உள்ள ஒரே ஆள் இருக்கறதுதான். கூடவே ஜெரானியால், சிட்ரோனெல்லால்னு பூ வாசனைக் கூட்டம் ஒண்ணும் இருக்கு.

இந்த வாசனைல பெரும்பகுதி திராட்சைல பூட்டித்தான் இருக்கும். சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு, வாசனையே இல்லாத ரூபத்துல. பழத்தக் கடிச்சா ஓரளவு பூ வாசம் வரும், ஆனா ஒயின் அளவுக்கு இருக்காது. நொதிக்கும்போது ஈஸ்ட்டும் என்சைமும் அந்தப் பூட்டக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்குது, போதாததுக்கு ஈஸ்ட்டு ஜெரானியால சிட்ரோனெல்லாலா மாத்தவும் செய்யுது. பாட்டில்ல இருக்கும்போதும் இந்த வேலை மெதுவா நடந்துட்டுத்தான் இருக்கும்.

இப்ப நாக்கு. இந்த வாசனைப் பொருள் எதுக்குமே இனிப்பு கெடையாது. இனிப்பு நாக்குல தெரியணும்னா சர்க்கரை இருக்கணும், வாசனைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா ரோஜா, லிச்சி, பழுத்த பழ வாசனைய நாம வாழ்க்கை பூரா இனிப்போடயே சேத்துச் சாப்ட்டுப் பழகிட்டோம், அதனால மூக்குல பட்டதும் மூளை 'இனிப்பு வருது'ன்னு தயாராயிடுது. வரலேன்னா ஏமாத்தம், அந்த ஏமாத்தத்துல இருக்கற கசப்பு ரெண்டு மடங்காத் தெரியும்.

கசப்பு நெசமாவே இருக்குங்கறதும் உண்மை. இது வெள்ளை ஒயின் திராட்சைன்னு பேரு, ஆனா பழுத்ததும் கொத்தப் பாத்தீங்கன்னா ரோஸ்லேந்து செம்பழுப்பு வரைக்கும் போயிருக்கும், சிவப்பு ஒயின் திராட்சையோன்னு சந்தேகமே வரும். வாசனைச் சரக்கு பூரா அந்தத் தோல்லயும் தோலுக்கு அடிலயும்தான் இருக்கு, துவர்ப்பும் கசப்பும் குடுக்கற ஃபீனாலும் அதே தோல்லதான் இருக்கு. ஒண்ண எடுக்கப்போனா இன்னொண்ணும் கூடவே வரும். பிழியறதுக்கு முன்னாடி கொஞ்ச மணி நேரம் தோலோட ஊறவிட்டா வாசனை ஏறும், ரொம்ப விட்டா கசப்பு ஏறும், அழுத்திப் பிழிஞ்சா போச்சு. நல்ல தயாரிப்பாளர் யாரு சுமார் யாருன்னு இந்த எடத்துலதான் பிரியுது. ஒயின் கலர் மத்த வெள்ளை ஒயின விட அடர் மஞ்சளா, சிலது லேசா செம்பு ஓடின மாதிரி இருக்கறதுக்கும் அந்தத் தோல்தான் காரணம்.

தொண்டைல சூடா இறங்குதுன்னு சொன்னீங்களே, அது ஆல்கஹால். இந்தத் திராட்சை சர்க்கரைய சேத்துக்கறதுல பேராசைக்காரன், சர்க்கரை ஏறுன அளவுக்கு நொதிச்சு முடிஞ்சதும் ஆல்கஹாலும் ஏறும், 13.5, 14 சதவீதம்லாம் சாதாரணம், 14.5 கூடப் பாக்கலாம். அதே நேரம் புளிப்பு மளமளன்னு எறங்கிரும். விவசாயிக்கு இதுதான் தலைவலி: வாசனை முழுசா வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாப் பறிக்கணும், லேட்டானா புளிப்பு போயி ஒயின் எண்ணெய் மாதிரி கொழகொழன்னு ஆயிடும், சீக்கிரம் பறிச்சா புளிப்பு இருக்கும் வாசனை இருக்காது. சூடான எடத்துல இந்தக் கணக்கு சுத்தமா ஒத்துவராது. குளிரான எடத்துக்குப் போனாலும் நிம்மதி இல்ல, சீக்கிரமே துளிர் விடற கொடி, வசந்தகாலத்து உறைபனில மாட்டிக்கும். பூத்து காய் பிடிக்கறதும் சில வருஷம் சொதப்பும், கொத்தும் சின்னது. இதெல்லாம் மீறி ஏன் நடறாங்கன்னா அந்த வாசனைக்காகத்தான்.

ஆக ஒரு ஒயின்காரர் முன்னாடி புளிப்பு கம்மி, ஆல்கஹால் ஜாஸ்தி, கசப்பு எட்டிப்பாக்குதுன்னு ஒரு தொட்டி நிக்குது. சிலர் கொஞ்சம் சர்க்கரைய நொதிக்காம மிச்சம் விட்டுருவாங்க, அது கசப்ப மூடிரும், ஆல்கஹாலையும் கொஞ்சம் அடக்கும். சிலர் முழுசா நொதிக்கவிட்டு கசப்பையும் ஒரு ருசியா வெச்சுக்குவாங்க. உங்களுக்கு வந்தது ரெண்டாவது ரகம். ரெண்டும் தப்பில்ல, ஆனா முதல் தடவை குடிக்கறவங்களுக்கு ரெண்டாவது ரகத்த எந்த விளக்கமும் இல்லாம நீட்டறது நியாயமில்லைன்னு நான் நெனைக்கறேன்.

எங்க விளையுதுன்னா, பெரிய பேர் அல்சாஸுக்குத்தான், பிரான்ஸோட கிழக்கு ஓரம், ஜெர்மனிய ஒட்டினாப்ல. மேற்குப் பக்கம் வோஷ் மலை நின்னு மழைய மறைச்சுருது, கோல்மார் ஊரு பிரான்ஸ்லயே மழை கம்மியா பெய்யற ஊர்கள்ல ஒண்ணு, அதனால இலையுதிர்காலம் வரைக்கும் பழத்த அழுகாம கொடிலயே தொங்கவிட முடியும், லேட்டாப் பறிக்கணும்ங்கற இந்தத் திராட்சைக்கு வேற என்ன வேணும். அங்க கிராண்ட் க்ரூன்னு உயர்தரமா அங்கீகரிச்ச 51 தோட்டம் இருக்கு, பொதுவா ரீஸ்லிங், மஸ்கட், பினோ க்ரீ, கெவுர்ட்ஸ் இந்த நாலு திராட்சைதான் ரொம்ப காலமா அந்தப் பேரப் போட்டுக்க அனுமதி வாங்கினது. ஹெங்ஸ்ட், கெஸ்லர், சின்கோஃப்லே, ஃப்யூர்ஸ்டென்டம்லாம் கெவுர்ட்ஸுக்குப் பேர்போன எடங்க, களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மண்ணுல இது நல்லா வருது, சுண்ணாம்பு இருக்கற எடத்து ஒயின்ல அந்த கொழகொழப்பு கம்மியாத் தெரியும்ங்கறது என்னோட அனுபவம்.

அல்சாஸோட பிரச்சினை என்னன்னா பாட்டிலப் பாத்து உள்ள இனிப்பா இல்லையான்னு ரொம்ப வருஷமா யாராலயும் சொல்ல முடியல. ஒரே தெருவுல ரெண்டு வீட்டு ஒயின், ஒரே பேரு, ஒண்ணு வறட்டு ருசி, இன்னொண்ணு பாகு. 2021 அறுவடைலேந்து லேபிள்ல இனிப்ப எழுதியே ஆகணும்னு விதி வந்துருச்சு, நாலு வார்த்தை ஞாபகம் வெச்சுக்கங்க போதும். செக்னா லிட்டருக்கு 4 கிராமுக்குள்ள சர்க்கரை, டெமி செக்னா 12 வரைக்கும், முவல்லேன்னா 45 வரைக்கும், அதுக்கு மேல போனா டூ. உங்க பாட்டில் அல்சாஸ்லேந்து வந்ததா இருந்தா செக்னு போட்டிருக்கான்னு பாருங்க.

இது போக வான்டாஞ் டார்டீவ்னு ஒண்ணு, லேட்டாப் பறிச்சதுன்னு அர்த்தம், நல்லா இனிப்பா இருக்கும். அதுக்கும் மேல செலெக்ஸியோன் தெ க்ராங் நோப்ல். நல்ல ரகப் பூஞ்சை பிடிச்சு சுருங்கிப்போன பழத்த ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துப் பண்றது. இந்த ரெண்டுக்கும் 1984-ல சட்டப்படி வரையறை வந்துச்சு. பூஞ்சை பிடிச்ச கெவுர்ட்ஸ்ல ரோஜா கொஞ்சம் பின்னாடி போயி தேனும் காஞ்ச பழமும் ஆரஞ்சுத் தோலுமா வரும், ஒரு சின்ன கிளாஸே ஜாஸ்தி.

தெற்கு டிரோல் ஒயின் அதுக்கு நேர் எதிர். பேர் குடுத்த ஊரு, ஆனா ஸ்டைல் கறாரு. மலைச்சரிவுல தோட்டம், பகல்ல நல்ல வெயில், ராத்திரி மலைக்காத்து குளுகுளுன்னு எறங்கும், அதனால புளிப்பு கொஞ்சம் தங்கும். பெரும்பாலும் இனிப்பில்லாமத்தான் பண்றாங்க, ஆல்கஹால் கம்மி கெடையாது, கடைசில ஒரு கசப்பு நிக்கும், அதுவே அவங்க பெருமை. நீங்க விவரிச்சதப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது இந்தப் பக்கத்து ஒயின்தான்.

ஜெர்மனில ஃபால்ஸ், பாடன் பக்கம் இருக்கு, ரோட்ங்கற கிராமத்துல 400 வருஷப் பழசுன்னு சொல்ற ட்ராமினர் தோட்டம் ஒண்ணு இன்னும் காய்க்குது. அங்க லேபிள்ல ட்ரோக்கன்னா இனிப்பில்ல, ஆவுஸ்லேஸேன்னா பெரும்பாலும் இனிப்பு. நியூசிலாந்துல கிஸ்போர்ன், அமெரிக்கால கலிஃபோர்னியாவோட ஆண்டர்சன் வேலி, நியூயார்க் மாகாணத்து ஃபிங்கர் லேக்ஸ், இதெல்லாம் நம்பி வாங்கலாம். ஹங்கேரி, செக் குடியரசு பக்கமும் ட்ராமின்ங்கற பேரோட ஏதாவது ஒரு வார்த்தை ஒட்டி வரும், பயப்பட வேண்டாம், அதே கூட்டம்தான். அமெரிக்கால கடும் பனிக்குத் தாங்கணும்னு இதையே கலப்பினம் பண்ணி ட்ராமினெட்னு ஒண்ண 1996-ல வெளியிட்டாங்க, அதுலயும் வாசனை அப்படியே இருக்கு.

குடிக்கற விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான், வெள்ளை ஒயின்தானேன்னு ஐஸ் மாதிரி ஆக்கிடறது. ரொம்ப சில்லுன்னு இருந்தா வாசனை எழும்பாது, கசப்பு மட்டும் தூக்கலாத் தெரியும், அதுக்கா இத வாங்கினோம். அறைச் சூட்டுல விட்டா ஆல்கஹால் மூக்க எரிக்கும். 10 டிகிரி, 12 டிகிரி பக்கம் சரியா இருக்கும், ஃபிரிட்ஜ்லேந்து எடுத்து ஒரு பதினஞ்சு இருவது நிமிஷம் வெளில வெச்சுட்டு ஊத்துங்க. பெரும்பாலான பாட்டில முதல் அஞ்சு வருஷத்துக்குள்ள முடிச்சுருங்க, புளிப்பு கம்மியா இருக்கற ஒயின் ரொம்ப நாள் தாங்காது, ரோஜா போயி வெறும் கனமும் கசப்பும்தான் மிஞ்சும். இனிப்பு ரகமும் நல்ல கிராண்ட் க்ரூவும் வேற கணக்கு, அது பத்து இருவது வருஷம்லாம் போகும்.

சாப்பாட்டோடன்னா, பேர்ல மசாலா இருக்கு அதனால காரத்துக்கு இதான் ஜோடின்னு எல்லா எடத்துலயும் எழுதி வெச்சிருக்காங்க, அத அப்படியே நம்பாதீங்க. 14 சதவீத ஆல்கஹாலோட மிளகாய்க் காரம் சேந்தா வாய் பத்திக்கும். காரத்துக்கு வெக்கணும்னா கொஞ்சம் இனிப்பு மிச்சம் விட்ட, ஆல்கஹால் கம்மியான பாட்டிலா எடுங்க, சர்க்கரை காரத்த அடக்கும். ரொம்பப் புளிப்பான எதோடயும் வேண்டாம், ஒயின் செத்துப்போன மாதிரி ஆயிரும். அல்சாஸ்காரங்க மன்ஸ்டர்னு நாத்தம் புடிச்ச ஒரு சீஸ் மேல சீரகத்தத் தூவி இதோட சாப்பிடுவாங்க, படிக்கும்போது எனக்கு அசிங்கமா இருந்துச்சு, சாப்ட்டுப் பாத்தப்ப வாயடைச்சுப்போச்சு. உப்பும் கொழுப்பும் கசப்ப விழுங்கிருது, வாசனைக்கு வாசனை சரிக்கு சரியா நிக்குது.

வாசனைத் திராட்சை எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு குழப்பிக்காம இருக்க ஒரு அடையாளம் சொல்றேன். மஸ்கட் முகந்தா திராட்சை வாசனையே வரும், லினலூல்ங்கற வாசனைப் பொருள் அதுல தூக்கல், வாயில கனமில்லாம லேசா இருக்கும். ரீஸ்லிங்ல எலுமிச்சை, பூ, கூடவே நாக்க வெட்டற புளிப்பு. அர்ஜென்டினாவோட டொரோன்டேஸ் ஏமாத்தும், மல்லிகை மாதிரி வரும், ஆனா கெவுர்ட்ஸோட எண்ணெய்க் கனம் அதுல இருக்காது. விஷயம் தெரியாத காலத்துல ஒரு தடவை கண்ணக் கட்டிக் குடுத்த அஞ்சு கிளாஸ்ல நான் சரியாச் சொன்னது இது ஒண்ணுதான், அதுக்கு எனக்கு எந்தப் பெருமையும் இல்ல, யாராலயும் சொல்லிர முடியும்.

பாட்டில்ல மிச்சம் இருந்தா இதப் பண்ணிப் பாருங்க. மூக்க ரெண்டு விரலால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சு நாக்குல சுத்த விடுங்க. அப்ப இனிப்பு தெரிஞ்சா உள்ள நெசமாவே சர்க்கரை இருக்கு. தெரியலேன்னா வெறும் கசப்பும் சூடும் லேசான புளிப்பும் மட்டும் நிக்கும், அதான் அந்த ஒயினோட எலும்புக்கூடு. விழுங்கறதுக்கு முன்னாடி விரல எடுங்க, தொண்டை வழியா லிச்சியும் ரோஜாவும் ஒரேயடியா மூக்குல ஏறும், அந்த நிமிஷமே வாய் இனிக்கற மாதிரி இருக்கும், நாக்குல எதுவும் மாறியிருக்காது. அதுக்கப்புறம் அடுத்த பாட்டில் செக்கா, கொஞ்சம் இனிப்பு விட்டதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம், இனிப்பு விட்டது புடிக்கும்னா முவல்லேன்னு எழுதின அல்சாஸ் பாட்டில்லேந்து ஆரம்பிங்க.